பூவைப் பார்க்க ஆயிரம் பேர். வாய்க்காலைப் பார்க்க யார்?

தென்காசி மாவட்டத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அச்சன்புதூர். சிறிய பேரூராட்சி. பக்கத்து ஊர் வடகரை. மேற்கே போனால் பண்பொழி. அதற்கும் மேற்கே மேக்கரை. அதோடு ஊர் முடிந்து காடு தொடங்கிவிடும்.

காலையில் டீக்கடைக்கு வரும் விவசாயி பத்திரிகையைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்கிறார்? மந்திரியின் பேச்சையா? சினிமாச் செய்தியையா?

இரண்டும் இல்லை. அணை நீர்மட்டத்தைப் பார்க்கிறார்!

கடனா அணை 85 அடி. ராமநதி 84 அடி. கருப்பாநதி 72 அடி. குண்டாறு 36 அடி. இவை அணைகளின் முழு அளவுகள். ஐந்தாவதாக ஓர் அணை இருக்கிறது. அதன் பெயர் அடவிநயினார். மேக்கரையில், அனுமன் நதியின் குறுக்கே கட்டப்பட்டது. அதன் முழு அளவு 132 அடி.

அச்சன்புதூர்க்காரர் தேடுவது இந்த ஐந்தாவது எண்ணைத்தான். "எத்தனை அடி நிக்குது அண்ணாச்சி?" என்று பக்கத்து பெஞ்சிலிருந்து குரல் வரும். பத்திரிகை வைத்திருப்பவர் உரக்கப் படிப்பார். கூடியிருந்தால் கடையில் பேச்சு சூடு பிடிக்கும். குறைந்திருந்தால் டீ ஆறும்.

இதே நேரத்தில், இதே மலையைப் பார்க்க வேறு ஒரு கூட்டமும் வந்து இறங்குகிறது. அவர்கள் கையில் கேமரா இருக்கிறது. கேமரா இல்லாதவர்கள் கையில் செல்போன் இருக்கிறது.

இரு தரப்பாரும் பார்ப்பது ஒரே மலையைத்தான், ஒரே தண்ணீரைத்தான். ஆனால் பார்வை வேறு. அந்த இரண்டு பார்வைகளும் எங்கே மோதுகின்றன, எங்கே கைகோக்கின்றன என்பது சுவையான கதை.

மலை தந்த வாசல்

இந்தப் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் தாழ்ந்து கொடுக்கிறது. அதுதான் செங்கோட்டைக் கணவாய். கேரளத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவ மழையின் மிச்சம், இந்த வாசல் வழியாகக் காற்றோடு வந்து சாரலாகத் தூவுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன் நடப்பது இதனால்தான்.

இந்த வாசல் மனிதர்களுக்கும் வழியாயிற்று. செங்கோட்டை வட்டாரம் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதுதான் இந்தப் பக்கம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குப் போயிற்று. 2019 நவம்பர் 22-ந் தேதி நெல்லையிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதுவரை கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டுமானால், தென்காசியிலிருந்து இன்னும் ஐம்பது கிலோ மீட்டருக்கு மேல் நெல்லைக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும்.

மலைத் தண்ணீர் எப்படி வயலுக்கு வருகிறது? அடவிநயினார் அணையிலிருந்து பல கால்கள் பிரிகின்றன. "கால்" என்றால் இங்கே வாய்க்கால். மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிகால், இலத்தூர்கால், நயினாரகரம்கால், கிளங்காடுகால், கம்பிளிகால், புங்கன்கால், சாம்பவர்வடகரைகால் என்று அவற்றுக்குப் பெயர். 7,600 ஏக்கருக்கு மேல் இவற்றை நம்பி இருக்கிறது. ஜூன் வாக்கில் கார் சாகுபடி. ஐப்பசி, கார்த்திகையில் பிசானம். நெல்லைச் சீமையில் நெல்லுக்கு இந்த இரண்டு பருவம்தான்.

ஊரில் எல்லாரும் விவசாயிகள் அல்ல. வீட்டுத் திண்ணையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். ஆற்றில் முதல் தண்ணீர் வந்தால் யாராவது ஒருவர் செல்போனில் படம் எடுப்பார். அடுத்த நிமிஷம் அந்தப் படம் துபாயில் இருக்கும். பாலைவனத்தில் நின்றுகொண்டு சொந்த ஊர் ஆற்றைப் பார்ப்பவனுக்கு அது வெறும் இயற்கைக் காட்சி அல்ல. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறும் என்ற செய்தி!

கேமராவுக்கு முன்னால் தூரிகை

குற்றாலத்தைப் படம் பிடிக்கும் ஆசை புதிதா? இல்லை. மிகப் பழையது.

1792-ம் ஆண்டு தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும், அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் இந்தப் பக்கம் வந்தார்கள். அன்றைக்குப் போட்டோ என்பது உலகத்திலேயே கிடையாது. குற்றால அருவியையும் பாபநாச அருவியையும் பார்த்துப் படமாக வரைந்தார்கள். அந்தப் படங்கள் லண்டனில் அச்சாகின. குற்றாலம் எங்கே இருக்கிறது என்று தெரியாத சீமைக்காரர்கள் அதன் அருவியை அங்கே பார்த்தார்கள்.

அதற்கும் முன்பே குற்றாலம் ஓவியத்துக்குப் பெயர் பெற்ற ஊர். நடராஜருக்கு ஐந்து சபைகள் என்பார்கள். சிதம்பரம் பொன் சபை. மதுரை வெள்ளி சபை. நெல்லை தாமிர சபை. திருவாலங்காடு ரத்தின சபை. குற்றாலம் சித்திர சபை. இங்கே நடராஜர் சுவரில் ஓவியமாகவே ஆடுகிறார்!

நெல்லை தந்த போட்டோக்காரர்

இயற்கையைப் படம் பிடிப்பதில் இந்தியாவுக்கே முன்னோடிகளில் ஒருவர் நெல்லையில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் மா. கிருஷ்ணன். "பத்மாவதி சரித்திரம்" நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தார்.

காட்டு விலங்கைச் சுட்டு, அதன் மேல் காலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைத்த காலம் அது. கிருஷ்ணன் துப்பாக்கி தூக்கவில்லை. கேமராவைத் தூக்கினார். அதுவும் எப்படிப்பட்ட கேமரா? பல உறுப்புகளை ஒன்றாக இணைத்து அவரே அமைத்துக்கொண்ட பெரிய பாரம். அதற்கு வேடிக்கையாக "சூப்பர் பாண்டரோசா" என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவருக்குப் பிடித்தவை. காட்டு யானைகளைப் படம் எடுக்க, வளர்ப்பு யானையின் மேல் ஏறிப் போனார்.

கல்கத்தாவிலிருந்து வந்த "ஸ்டேட்ஸ்மேன்" பத்திரிகையில் 1950-ல் இயற்கை பற்றி எழுதத் தொடங்கினார். 1996-ல் இறக்கும் வரை நிறுத்தவில்லை. 46 ஆண்டுகள்! தமிழிலும் எழுதினார்.

அவர் படம் எடுத்தது அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. எந்த மிருகம் எங்கே இருக்கிறது, என்ன தின்கிறது, எப்படி நடக்கிறது என்பதற்குச் சாட்சியாக எடுத்தார். தென்னிந்தியாவின் பெரிய விலங்குகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1968-ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு நினைவு உதவித்தொகை கிடைத்தது. அழகுக்குப் படம், சாட்சிக்குப் படம் என்ற இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால், தென்காசிப் பக்கம் இன்று நடப்பது நன்றாக விளங்கும்.

சூரியகாந்தித் திருவிழா

தென்காசிக்குக் கிழக்கே சுந்தரபாண்டியபுரம் இருக்கிறது. 1992-ல் வந்த "ரோஜா" படத்தில் கதாநாயகியின் ஊர் இதுதான். 2005-ல் வந்த "அந்நியன்" படத்துக்காக, இதன் பக்கத்தில் உள்ள பாறைகளில் சினிமா நட்சத்திரங்களின் முகங்களை வரைந்தார்கள். படம் வந்து ஆண்டுகள் பல ஆகியும், பாறையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

இப்போது சினிமாவை மிஞ்சிவிட்டது சூரியகாந்தி. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டை வட்டாரத்தில் வயல் வயலாக மஞ்சள் பூக்கும். பின்னால் நீல மலை. மேலே சாரல் மேகம். போட்டோவுக்கு வேறு என்ன வேண்டும்? கேரளத்திலிருந்து காரிலும் வேனிலும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கல்யாணம் ஆன ஜோடிகள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டே வந்து நிற்பதும் உண்டு.

"அண்ணாச்சி, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிடுதோம்."

"எடுங்க தம்பி. வரப்புல நின்னு எடுங்க. உள்ள மட்டும் எறங்காதீங்க."

சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தப் பேச்சு நடக்கும் என்று கணக்கில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே இறங்குகிறவர்கள்தான் தொல்லை.

உள்ளே இறங்கினால் என்ன? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நெல் தூர் கட்டும். ஒரு கதிர் ஒடிந்தால் இன்னொரு கதிர் இருக்கும். எண்ணெய்க்காகப் பயிரிடும் சூரியகாந்தி அப்படி அல்ல. ஒரு செடிக்கு ஒரு பூ. அந்தப் பூவில்தான் நூற்றுக்கணக்கான விதைகள். அது ஒடிந்தால் அந்தச் செடியின் விளைச்சல் அதோடு சரி. விதைத்து, களை எடுத்து, உரம் போட்டு, தண்ணீர் பாய்ச்சிய இரண்டு மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

தேனீக்கள் விஷயமும் உண்டு. தேனீ வந்து உட்கார்ந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். இல்லாவிட்டால் பொக்கு விழும். ஆட்கள் கூட்டம் கூட்டமாக நடமாடும் வயலில் தேனீ நிம்மதியாக வேலை செய்யுமா?

இன்னொரு வேடிக்கை. கிளி, சூரியகாந்திப் பூவின் மேல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விதையைக் கொத்தும். போட்டோ எடுப்பவருக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது. பச்சைக் கிளி, சிவந்த மூக்கு, மஞ்சள் பூ! வயல்காரரோ தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வருவார். அவருக்கு அது களவு!

இதனால் சில விவசாயிகள் வயலுக்குள் வர ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கத் தொடங்கினார்கள். "பூவைப் பார்க்கவும் காசா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இதில் முகம் சுளிக்க ஒன்றும் இல்லை. கோடையில் உழுதபோது வராதவர்கள், பூத்த பிறகு வருகிறார்கள். ஒடிந்த செடிக்கு ஈடு வேண்டாமா? சூரியகாந்தி விதைக்கு நல்ல விலை கிடைக்காத வருஷத்தில், போட்டோவுக்கு வரும் காசு கைக்கு உதவும். சில வயல்களில் நடைபாதை விட்டு, படம் எடுக்க ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

ஆனால் காசு எல்லாரிடமும் வந்து சேர்வதில்லை. சாலை ஓரத்து வயல்காரருக்குக் கிடைக்கும். உள்ளே இருக்கும் வயல்காரருக்குக் கிடைக்காது. வந்தவர்கள் விட்டுப் போகும் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் காற்றில் பறந்து அவர் வயலுக்கும் போய்ச் சேரும். அதை அள்ளுவது யார்? பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். செலவு ஊருடையது.

யானை வந்த இரவு

அச்சன்புதூர்ப் பக்கத்துக்குத் திரும்புவோம். இங்கே சூரியகாந்தியைவிடப் பெரிய விருந்தாளி வருவதுண்டு. அதை யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை.

வடகரை, பண்பொழி, மேக்கரைத் தோப்புகளுக்குள் காட்டு யானைகள் இறங்குவது அடிக்கடி வரும் செய்தி. தென்னங்கன்றைப் பிடுங்கி, நடுவில் இருக்கும் குருத்தை மட்டும் தின்றுவிட்டு மற்றதைப் போட்டுவிட்டுப் போகும். வாழைத் தோட்டம் கிடைத்தால் விடியும்போது பாதி இருக்காது. நெல்லையும் மிதிக்கும். மாமரத்தையும் ஒடிக்கும்.

தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். நான்கு வருஷக் கன்றை யானை பிடுங்கினால் நஷ்டம் ஒரு கன்றின் விலை அல்ல. நான்கு வருஷம்! மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது மனதை ஒடித்துவிடுகிறது.

யானை ஏன் இறங்குகிறது? பெரிய யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரே இடத்தில் அதற்கு வயிறு நிறையாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாயில் ரெயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஊர்களும் வந்துவிட்டன. கணவாய்க்கு வடக்கே பெரியாறு மலைகளில் உள்ள யானைகளும், தெற்கே அகத்தியர் மலையில் உள்ள யானைகளும் முன்போல ஒன்றோடு ஒன்று கலக்க முடிவதில்லை. அடிவாரத்திலோ காட்டு விளிம்பு வரை தோப்பு வந்துவிட்டது. யானைக்கு எல்லைக்கல் தெரியுமா?

ஊரார் கேட்பது சூரிய மின்வேலி, ஆழமான அகழி, இரவு ரோந்து, தாமதம் இல்லாத நஷ்ட ஈடு. வனத்துறை ஊழியர்கள் வெடி போட்டும் சத்தம் எழுப்பியும் யானைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். மறுபடியும் வருகின்றன.

இந்த நேரத்தில்தான் சிலர் செல்போனோடு ஓடி வருகிறார்கள். இது மகா ஆபத்து. விரட்டப்படும் யானை மிரண்டிருக்கும். முன்னால் ஆட்கள், பின்னால் வெடிச் சத்தம், முகத்தில் வெளிச்சம். அதற்குப் போக வழி இல்லாமல் போகும். மனிதனைவிட யானை வேகமாக ஓடும் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் மறுநாள் காலையில் எடுக்கும் படம் வேறு. பிடுங்கிய கன்று, ஒடிந்த வேலி, சேற்றில் பதிந்த கால் தடம் ஆகியவற்றை நாள் தவறாமல் படம் எடுத்து வைக்கும் விவசாயிக்கு, நஷ்ட ஈட்டு மனுவோடு இணைக்க ஆதாரம் இருக்கிறது. "யானை வந்தது" என்று வாயால் சொல்வதற்கும், கால் தடத்தைக் காட்டுவதற்கும் அலுவலகத்தில் வித்தியாசம் உண்டு அல்லவா?

யாரிடம் போவது?

ஊர் அரசியலில் முதல் பாடம் இதுதான்: எந்தக் குறையை யாரிடம் சொல்வது?

2022 பிப்ரவரி 19-ந் தேதி தமிழ்நாட்டில் நகராட்சி, பேரூராட்சித் தேர்தல்கள் நடந்தன. வார்டு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இடங்களில் பாதி பெண்களுக்கு. பீடி சுற்றும் கைகளும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் காலம் வந்துவிட்டது.

தெரு விளக்கு எரியவில்லையா? பேரூராட்சி. குப்பை அள்ளவில்லையா? பேரூராட்சி. குடிதண்ணீர்க் குழாயா? அதுவும் பேரூராட்சிதான்.

வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா? அது நீர்வளத்துறை. யானை வந்ததா? வனத்துறை. பெரிய ரோட்டில் பள்ளமா? நெடுஞ்சாலைத்துறை. பயிர்ச் சேதமா? வேளாண்மைத் துறையும் வருவாய்த் துறையும். ஓட்டுப் போட்டவருக்கு இந்தப் பாகுபாடு எல்லாம் தெரியாது. அவர் வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலில் வந்து நிற்பார். உறுப்பினர் பாவம், ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குவார்.

தென்காசி தனி மாவட்டம் ஆனதில் ஒரு பெரிய லாபம் இங்கேதான். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாதம் ஒருமுறை விவசாயிகளுக்கென்று தனிக் கூட்டம். காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். கிராம ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது.

மனுவோடு ஒரு படம் இருந்தால் அதற்குத் தனி பலம். வாய்க்காலில் முளைத்த செடி கொடியை ஏட்டில் எழுதினால் நான்கு பக்கம் வரும். படத்தில் ஒரே பார்வை. அணை திறக்கும் முன்பு எடுத்த படம், திறந்து பதினைந்து நாள் கழித்தும் கடைமடையில் தண்ணீர் வராத படம் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் அதிகாரி என்ன பதில் சொல்ல முடியும்? கடைமடைக்காரரின் வயிற்றெரிச்சல் எந்த அழகுப் படத்திலும் வருவதில்லை. அதை அவரேதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அருவியைத் திருப்பியவர்கள்

அழகைத் தேடி வருபவர்கள் பெருகினால் அழகை விற்பவர்களும் பெருகுவார்கள். குற்றாலம் பக்கத்தில் அது ஒரு கட்டத்தில் எல்லை மீறிப் போயிற்று. சில தனியார் விடுதிகள் மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரைத் திருப்பி, தங்கள் வளாகத்துக்குள்ளேயே அருவி உண்டாக்கிக்கொண்டன. அறை எடுத்தால் அருவி இலவசம்!

விவகாரம் ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போயிற்று. 2022-ம் ஆண்டின் கடைசியில் கோர்ட்டு கடுமையான உத்தரவு போட்டது. இயற்கை நீர்வழியைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கக் கூடாது, அதிகாரிகள் குழு நேரில் ஆய்வு செய்ய வேண்டும், தவறு செய்த விடுதிகளை மூட வேண்டும் என்பது அதன் சாரம்.

இதில் வயல்காரருக்கு என்ன? குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. அனுமன் நதியும் சிற்றாற்றில்தான் கலக்கிறது. வழியில் எத்தனையோ அணைக்கட்டு, எத்தனையோ குளம். மேலே ஒருவர் ஓடையை மடக்கினால், கீழே ஒருவருக்குத் தண்ணீர் குறையும்.

தண்ணீருக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அப்போது எடுத்த செல்போன் காட்சிகளை நாடே பார்த்துத் திடுக்கிட்டது. கீழே தூறல் இல்லாவிட்டாலும் மேலே காட்டில் கனமழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் நிறம் மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், படத்தை மறந்து கரை ஏற வேண்டும். இது மலையடிவாரத்துக் குழந்தைகளுக்கும் தெரிந்த பாடம். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை.

பறவை எண்ணும் படை

படம் எடுப்பவர்களும் ஊராரும் ஒத்துப்போகும் இடம் இல்லையா? இருக்கிறது. அது குளம்.

2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் குளங்களுக்குத் தொண்டர்களும் மாணவர்களும் விடியற்காலையில் போய் நிற்பார்கள். ஒருவர் கையில் தூரநோக்கி. ஒருவர் கையில் கேமரா. ஒருவர் கையில் நோட்டுப் புத்தகம். எந்தக் குளத்தில் எத்தனை பறவை என்று எழுதுவார்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் நெல்லைச் சீமைக் குளங்களில் இறங்குவதுண்டு.

இந்தக் கணக்கு பறவைப் பிரியர்களுக்கு மட்டும் அல்ல. சாக்கடை கலந்த குளம் எது, தூர்ந்து போன குளம் எது, ஆக்கிரமிப்பில் சுருங்கிய குளம் எது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. பறவைக்கு ஆகாத குளம் பயிருக்கும் ஆகாது.

நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் என்ற ஊர் இதற்கு நல்ல உதாரணம். அது 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். அங்கே சட்டம் பிறகு வந்தது. ஊர்க் கட்டுப்பாடு முன்பே இருந்தது. படம் எடுக்க வருபவர்களும் ஊராரின் கட்டுப்பாட்டுக்குள்தான் எடுக்க வேண்டும்.

எப்போது போகலாம்?

தென்காசிக்கு ரெயில், பஸ் வசதி உண்டு. அங்கிருந்து அச்சன்புதூர், வடகரை, பண்பொழிக்கு டவுன் பஸ் கிடைக்கும். பண்பொழி திருமலைக் குமாரசாமி கோவில் மலை மேல் ஏறி நின்றால், மேற்கே காடும் கிழக்கே தோப்பும் குளமும் வயலும் ஒரே பார்வையில் தெரியும். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது குற்றம்.

சூரியகாந்தியைப் பார்க்கக் காலையில் போவது நல்லது. சூரியன் போகும் பக்கமெல்லாம் பூ திரும்பும் என்பது பாதி உண்மை. மொட்டாக இருக்கும்போதுதான் அது திரும்பும். நன்றாக மலர்ந்த பிறகு கிழக்கு நோக்கியே நின்றுவிடும். காலை வெயிலில் பூ சீக்கிரம் சூடாகும். தேனீக்கள் அதிகம் வரும். சாயங்காலம் மலையைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்தால் பூவின் முகம் வெளிச்சத்தில் இருக்காது.

ஒரு பூ பத்து நாள் வரை அழகாக இருக்கும். அப்புறம் தலை கவிழும். இதழ் உதிரும். முதுகுப் பக்கம் மஞ்சளாகிக் காயத் தொடங்கும். விதைத்துத் தொண்ணூறு, நூறு நாளில் அறுவடை. அந்த நாளில் கேமராவோடு யாரும் வருவதில்லை. கையில் சாக்கும் தராசும் எடுத்துக்கொண்டு வியாபாரி வருவார். ஒரு பிடி விதையை அள்ளி, ஊதிப் பார்த்து, விலை சொல்லுவார்.